அந்த மேசையை எடுத்தது சரியில்லை

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் நேற்று இரவு ஒருவர் வந்து, "ஒரு மேசையை நகர்த்தி வைத்ததற்கா இவ்வளவு புலம்பல்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நகர்த்தி வைக்கவில்லை. எடுத்தார்கள். புத்தகத் திருவிழாவின் வாசல் பக்கம் எங்களுக்கென்று ஒதுக்கிய மேசை அது. பணம் கட்டி ரசீது வாங்கியிருந்தோம். 7 பேர் கையால் செய்த 14 சிற்றிதழ்களை அதில் பரப்பி வைத்திருந்தோம். மதியம் மேடையேறியவர், "ஜெராக்ஸ் கடையில் பிறந்ததை எல்லாம் இப்போது புத்தகம் என்று விற்கிறார்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. அரை மணி நேரத்தில் இரண்டு தம்பிகள் வந்து, "மேலே சொல்லிவிட்டார்கள், டீக்கடைப் பக்கம் போய்விடுங்கள்" என்றார்கள். டீக்கடைப் பக்கம் மேசையே கிடையாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கையால் செய்ததும் புத்தகம்தான். ஒருவர் எழுதி, வரைந்து, மடித்து, தைத்து, இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவர் அதைப் படிக்கிறார். வேறு என்ன வேண்டும்?

அந்த ஜெராக்ஸ் வாக்கியத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் அதே மேடையில் அவர் எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவைப் பற்றிப் பேசினார். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கியது, புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனது என்று அவ்வளவு உருக்கமாகச் சொன்னார். பின்வரிசையில் நின்று நானும் கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன். செல்லப்பா தன் 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தானே போட்டார். அவர் மறைந்த பிறகு 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது வரும் வரைக்கும் அதுவும் எழுதியவரே போட்டுக்கொண்ட புத்தகம்தானே? அந்தக் கிழவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் பக்கத்தில் கட்டை இறக்கி வைத்திருந்தால் அவரையும் டீக்கடைப் பக்கம் அனுப்பியிருப்பார்களா?

உடனே ஒருவர் கேட்பார், "நீங்கள் உங்களைச் செல்லப்பாவோடு ஒப்பிடுகிறீர்களா?" என்று. இல்லை. அவர் விமர்சகர், தமிழில் ஒரு தலைமுறையின் கவிதையையே நிமிர்த்தி வைத்தவர். எங்களில் ஒருவர் தன் தெரு நாய்களை வரைகிறார், இன்னொருவர் இறந்துபோன அப்பாவின் கடிதங்களைத் தொகுக்கிறார். தரம் வேறு, தெரியும். ஆனால் விற்காத கட்டைத் திரும்ப வீட்டுக்குச் சுமந்து போகும்போது தோள் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

சரி, தரம் என்று வந்துவிட்டதால் அதைப் பேசிவிடுகிறேன். "எடிட்டர் இல்லை, பிழை திருத்துபவர் இல்லை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம் என்றால் குப்பைதானே சேரும்?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். என் வயதுக்காரர்கள் பலர் நடத்தியிருப்பீர்கள். எழுத்தாளர் வல்லிக்கண்ணனே கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்தான். எங்களுடையது ஒரே ஒரு பிரதி. கோடு போடாத தாள், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையைத் திருப்பி ஒட்டிய மேலட்டை. கடைசி நான்கு பக்கம் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு. அந்த ஒற்றைப் பிரதி தெரு முழுக்கச் சுற்றி மூன்று வாரம் கழித்து மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. அதில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் எழுதியிருந்தார்: "கதை நன்று. ஆனால் தந்தி இப்படி வராது. வீட்டுக்கு வந்தால் சொல்கிறேன்."

போனோம். தந்தி கொண்டு வருபவரைப் பார்த்தவுடன் வீட்டுக்குள் அழுகை தொடங்கிவிடும், பிரித்துப் பார்த்தால் "நலமாக வந்து சேர்ந்தேன்" என்று இருக்கும், அதை நின்று படித்துச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றார். கதையைத் திருத்தி எழுதினோம். அடுத்த இதழில் அவரே இரண்டு பக்கம் எழுதினார். அறுபது வயதில் அவர் எழுதிய முதல் எழுத்து அதுதான். எடிட்டர் இல்லை என்கிறீர்களே, எங்கள் தெருவே எடிட்டராக இருந்தது. பிழை இருந்ததா? இருந்தது. ழகர ளகரக் குழப்பம் பக்கத்துக்கு இரண்டாவது இருக்கும். பெரிய பதிப்பகங்கள் போடும் கெட்டி அட்டைப் புத்தகங்களில் நான் பார்க்கும் பிழைகளுக்கு யாரும் மேசையை எடுப்பதில்லை.

அடுத்தது, "இது மேல்நாட்டு ஃபேஷன், ஸீனாம் ஸீன், நன்றாகச் சீன் போடுகிறார்கள்" என்ற கமெண்ட். அதற்கு 200 பேர் சிரிப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். என் நண்பர்கள் சிலரும் அதில் இருக்கிறார்கள், பார்த்தேன்.

இப்படிக் கையால் செய்யும் சிற்றிதழைத்தான் 'ஸீன்' என்கிறார்கள். சொல் வெளியே இருந்து வந்ததுதான். 'ஃபேன்ஸீன்' என்பது 1940இல் அமெரிக்க அறிவியல் புனைகதை வாசகர்களிடம் பிறந்த சொல், அதன் வால்தான் ஸீன். பிடிக்காவிட்டால் கையிதழ் என்று சொல்லுங்கள், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த வேலை நமக்குப் புதிதா? நூறு வருடத்துக்கு முன்பு சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். ரயில் விபத்து, கொலை, வெள்ளம், அரிசி விலை, எதுவானாலும் சூடு ஆறுவதற்குள் பாட்டாகி, மட்டமான தாளில் சில பக்கமாக அச்சாகித் தெருவுக்கு வந்துவிடும். பாடிக்கொண்டே விற்றார்கள். படித்தவர்கள் அன்றைக்கும் முகம் சுளித்தார்கள். இன்று அந்தக் காலத்துச் சாதாரண மனிதர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் அவற்றைத்தான் தேடுகிறார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூடக் குப்பை என்று தள்ளாமல் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது நூலகமானது. அவர் அன்றைக்குத் தரம் பார்த்து எடுத்து வைத்திருந்தால் பாதி இருந்திருக்காது.

ஐஎஸ்பிஎன் இல்லை என்கிறார்கள். அது கடைக்கும் நூலகத்துக்கும் புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். நம் நாட்டில் இலவசமாகவே தருகிறார்கள். அதற்கும் உள்ளே இருக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ரிஸோ என்ற நகலெடுக்கும் மெஷினில் இரண்டு நிறத்தில் அடித்து 500 ரூபாய் விலை வைக்கும் கலைக்கல்லூரிப் பிள்ளைகளைக் காட்டி, "இதுதான் உங்கள் எளிய மக்களின் கலையா?" என்றும் ஒருவர் கேட்டார். அந்த விலை எனக்கும் உறுத்துகிறது. ரிஸோவில் நிறத்துக்கு நிறம் தாளைத் திரும்ப ஓட்ட வேண்டும், வீணாகும் தாளும் அதிகம், அதனால் விலை ஏறுகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் 50 ரூபாய்க்கு மேல் ஒன்றுமே இல்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் அவருக்காகத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குழுவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருடமாக ரவிக்கை அளவு எழுதி வைத்த நோட்டுகள் அவரிடம் இருக்கின்றன. ஒரே பெண்ணின் அளவு கல்யாணத்துக்கு முன்பு ஒன்று, முதல் பிள்ளைக்குப் பிறகு ஒன்று, நோயில் படுத்து எழுந்த பிறகு ஒன்று. பெயரும் ஊரும் இல்லாமல், வெறும் எண்களையும் பக்கத்தில் சின்னச் சின்னக் கோட்டோவியங்களையும் வைத்து எட்டுப் பக்க இதழில் ஒரு பெண்ணின் இருபது வயது முதல் நாற்பதை நெருங்கும் வரை சொல்லியிருக்கிறார். கடைசி எண்ணைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒரே ஏ4 தாள்தான். மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, பிரித்து மடித்தால் எட்டுப் பக்கம் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் போதும், பின்னே அடிக்க வேண்டாம். அதன் மேல் கடையில் மிஞ்சிய லைனிங் துணியை மெஷினிலேயே தைத்து அட்டையாக்கினார். 40 பிரதிக்கும் 40 விதமான துணி. தாளைத் தைக்கும்போது தையலை நீளமாக வைக்க வேண்டும், நெருக்கித் தைத்தால் ஊசித்துளை வழியே தாள் கிழிந்துவிடும், ஊசியும் சீக்கிரம் மழுங்கும் என்பதெல்லாம் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பேச்சாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கி இருபது அடி நடந்து வந்து, ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டு மோசம் என்று சொல்லியிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தம்பிகள் வந்து சொன்னதும் அக்காதான் முதலில் எழுந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பிரதிகளை ஒவ்வொன்றாக மஞ்சள் பையில் அடுக்கினார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "என் புக்குல ஏதாவது தப்பா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அன்று மதியம் வரை 19 பிரதி விற்றிருந்தது. மனைவிக்கென்று வாங்கிப் போன ஒருவர், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து தன் அம்மாவுக்கும் ஒன்று வாங்கினார். மேடையில் சிரித்த கூட்டத்தில் அவர் இல்லை என்று நம்ப விரும்புகிறேன்.

"நீங்களும் இணையத்திலேயே போட்டுவிட்டுப் போகலாமே, காகிதம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. அந்தத் துணியை இணையத்தில் தொட முடியாது, அவ்வளவுதான்.

அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. கட்டிய பணத்தையும் திருப்பித் தர வேண்டாம். அடுத்த வருடம் அதே இடத்தில் அதே மேசை வேண்டும். அதை எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

அக்கா இந்த வாரச் சந்திப்புக்கு வரவில்லை. தைக்க நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அவருடைய இதழில் 21 பிரதி என்னிடம் இருக்கிறது. விலை 30 ரூபாய், தபால் செலவு என்னுடையது. வேண்டுபவர்கள் உள்பெட்டியில் முகவரி அனுப்புங்கள். படித்துவிட்டுத் தோன்றியதைக் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையால் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அவரிடம் காட்டுகிறேன். அந்தப் பக்கத்தை அவர் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறார்.