டயட் பானம் குடித்தால் புற்றுநோயா?

"டயட் பானத்தில் உள்ள அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது, ஒரு டின்கூடக் குடிக்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதி உண்மை. அதனால்தான் எளிதில் நம்பிவிடுகிறோம்.

அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் அஸ்பார்டேமை 2பி பிரிவில் சேர்த்தது நிஜம்தான். 'புற்றுநோய் தரக்கூடும், ஆனால் சான்று போதவில்லை' என்பதே அந்தப் பிரிவின் பொருள். செல்போனின் ரேடியோ அலைகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன (செய்தியை அனுப்பியவர் எதில் அனுப்பினாராம்?). சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் இது சொல்கிறது. எவ்வளவு குடித்தால் ஆபத்து என்பதை அல்ல.

அளவைப் பார்ப்பது வேறொரு நிபுணர் குழு. உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அது அப்போதே சொன்னது. ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் என்று வைத்தால், 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட தினமும் 9 முதல் 14 டின்களுக்கு மேல் குடிக்க வேண்டும். பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

சரி, எடை குறையுமா? அதற்கு இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதமே அதே நிறுவனம் சொல்லிவிட்டது.