அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்

என் மகள் இந்த வருடம் நான்காம் வகுப்பு. போன வாரம் பள்ளி விட்டு வந்தவள், பையை வைத்ததும் வைக்காததுமாக, "அம்மா, இன்னைக்கு லாக்டவுன் டிரில். எனக்கு ஆரஞ்சு லாலிபாப் கிடைச்சுது" என்றாள்.

துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்துவிட்டால் ஒளிந்துகொள்வதற்கான ஒத்திகை அது. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, கதவிலுள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத மூலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒட்டி உட்கார வேண்டும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. வாயில் ஏதாவது இருந்தால் பேச மாட்டார்கள் என்று டீச்சர் மேசை டிராயரில் லாலிபாப் பாக்கெட் வைத்திருக்கிறார். அப்புறம் வெளியிலிருந்து யாரோ கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். தலைமையாசிரியர்தான், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வருகிறார். "அவங்கதான்னு எங்க எல்லாருக்கும் தெரியும்மா. ஆனாலும் பக்கத்துல இருந்தவ என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா" என்று சொல்லிக் கையைக் காட்டினாள். நகம் பதிந்த தடம் அப்போதும் லேசாக இருந்தது.

நாங்கள் இருப்பது சான் அன்டோனியோவில். இங்கிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் யுவால்டி. 2022 மே 24 அன்று அந்த ஊரின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்காம் வகுப்பு அறைகள். கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. அன்று காலையில்தான் பரிசளிப்பு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. பல பெற்றோர் வந்து, சான்றிதழோடு பிள்ளைகளை நிற்க வைத்துப் படமெடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அப்போது என் மகள் கிண்டர்கார்டன். ஈரோட்டிலிருந்து அம்மா போன் செய்து, "கொஞ்ச நாளைக்கு பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பாத கண்ணு" என்று அழுதார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் அம்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது அதே நான்காம் வகுப்பில் இவளும் உட்கார்ந்திருக்கிறாள்.

ஊரிலிருக்கும் நண்பர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே கேள்விதான். ஏன் இன்னும் தடை செய்யாமல் இருக்கிறார்கள்? பிரிட்டன் செய்ததே, ஆஸ்திரேலியா செய்ததே என்பார்கள். உண்மைதான். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டனில் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருப்பதே ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. அதே ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்தார்கள். அரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. இங்கேயும் அப்படி நடந்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் இந்த நாட்டில் மக்கள் கையிலிருக்கும் துப்பாக்கிகள் 2018 மதிப்பீட்டின்படி 39 கோடிக்கு மேல். ஆள் எண்ணிக்கையைவிட அதிகம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791இலிருந்து இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் கொல்லப்பட்டு நான்கே மாதம் ஆகியிருந்தபோது, 2013 ஏப்ரலில், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் ஒரு சாதாரண மசோதா செனட்டில் 54 ஓட்டு வாங்கியும் தோற்றது. 60 வேண்டியிருந்தது.

யுவால்டிக்குப் பிறகு இங்கே டெக்சாஸில் என்ன நடந்தது என்று கூடவே இருந்து பார்த்தேன். கொலைகாரனுக்கு 18 வயது. பிறந்தநாள் முடிந்த கையோடு ராணுவத் துப்பாக்கி மாதிரியான ஏஆர் ரக ரைஃபிள்கள் இரண்டைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். இந்த மாநிலத்தில் பீர் வாங்க 21 ஆக வேண்டும், அந்த ரைஃபிளுக்கு 18 போதும். அதை 21 ஆக்குங்கள் என்பது ஒன்றுதான் அந்தப் பெற்றோர் கேட்டது. 2023 ஏப்ரலில் ஆஸ்டினில் சட்டமன்றக் குழு முன்னால் பேச, நாள் முழுக்கக் காத்திருந்து இரவில்தான் முறை வந்தது. மே மாதம் ஆலன் நகரின் ஷாப்பிங் மாலில் இன்னொருவன் 8 பேரைச் சுட்டுக் கொன்ற இரண்டாம் நாள், குழுவில் மசோதா நிறைவேறியது. அவர்கள் அங்கேயே கட்டிப்பிடித்து அழுததை டிவியில் பார்த்து நானும் அழுதேன். அடுத்த கட்டத்துக்கான கெடு தாண்டிவிட்டது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அவையில் ஓட்டுக்கே வரவில்லை.

இவ்வளவும் சொல்வது கோரிக்கையை விட்டுவிடலாம் என்பதற்காக இல்லை. வயது வரம்பு கட்டாயம் வேண்டும். 2018இல் புளோரிடாவின் பார்க்லாந்து நகரப் பள்ளியில் 17 பேரைக் கொன்ற 19 வயதுக்காரனும் தானே கடைக்குப் போய் வாங்கியவன்தான். அது நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் புளோரிடாவில் வயதை 21 ஆக்கிச் சட்டமே போட்டார்கள், அதிலும் குடியரசுக் கட்சி ஆளுநர் கையெழுத்தில். மனம் இருந்தால் நடக்கும்.

நான் பேச வந்தது வேறொன்று. பள்ளிக்குள் வரும் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க ரகசிய சேவைப் பிரிவு, அதாவது ஜனாதிபதிக்குக் காவலாக இருப்பவர்கள், பள்ளித் தாக்குதல்களைப் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார்கள். 2019இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கியோடு வந்த மாணவர்களில் நான்கில் மூன்று பேர் அதைத் தங்கள் வீட்டிலிருந்தோ நெருங்கிய சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ எடுத்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி சம்பவங்களில் அது கை எட்டும் இடத்திலோ, பேருக்கு ஒரு பூட்டோடோ இருந்திருக்கிறது. இந்த ஒரு விஷயம் ஏன் நம் பேச்சில் கடைசியில்கூட வருவதில்லை என்று எனக்குத் தாங்கவில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி வழக்கைப் படித்துப் பாருங்கள். 15 வயதுப் பையன். 2021 நவம்பர் 26, தள்ளுபடி விற்பனை நாள். அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்குகிறார். மறுநாள் அம்மா சுடப் பழக அழைத்துப் போகிறார். திங்கட்கிழமை வகுப்பில் அவன் போனில் தோட்டா தேடுவதை ஆசிரியை பார்க்கிறார், பள்ளி தகவல் சொல்கிறது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று அம்மா அவனுக்கு மெசேஜ் அனுப்புகிறார். செவ்வாய் காலை, கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தத்தில் கிடக்கும் ஆளும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருக்கிறான். உதவி என்ற வார்த்தையையே எழுதியிருக்கிறான். பெற்றோரை வரவழைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். வேலை இருக்கிறது என்று அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். துப்பாக்கி அவன் பையிலேயே இருந்தது. பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. மதியம் 4 மாணவர்கள் செத்துப்போனார்கள்.

அப்பாவின் விசாரணையில், அரசு வழக்கறிஞர் ஒரு கேபிள் பூட்டை எடுத்துத் துப்பாக்கியில் மாட்டி ஜூரி கண் முன்னாலேயே பூட்டிக் காட்டினார். சில வினாடிகள்தான். 2024இல் இருவருக்கும் பத்திலிருந்து பதினைந்து வருடம் சிறை விதிக்கப்பட்டது. பள்ளியில் பிள்ளை செய்த கொலைகளுக்காகப் பெற்றோர், கொல்லும் நோக்கமில்லாமல் சாவுக்குக் காரணமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டது இந்த நாட்டில் அதுவே முதல் முறை. அதே வருடம் பிப்ரவரியிலிருந்து, சிறுவர்கள் கைக்கு எட்ட வாய்ப்புள்ள இடத்தில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்ற சட்டமும் மிச்சிகனில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

எங்கள் டெக்சாஸுக்கு வாருங்கள். 2018 மே 18, ஹூஸ்டன் பக்கத்தில் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளி. 10 பேர் பலி. துப்பாக்கிகள் அப்பாவுடையவை. இங்கேயும் குழந்தை கைக்குத் துப்பாக்கி கிடைத்தால் பெரியவருக்குத் தண்டனை என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி குழந்தை என்றால் 17க்குக் கீழே. அந்தப் பையனுக்கு 17 முடிந்திருந்தது. குடும்பங்கள் சிவில் வழக்குப் போட்டன. 2024இல் பெற்றோர் மீது பொறுப்பில்லை என்று ஜூரி சொல்லிவிட்டது.

ஆசிரியர் கையில் துப்பாக்கி கொடுப்போம், வாசலில் காவலரை நிறுத்துவோம் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. யுவால்டியில் 376 காவலர்கள் வந்திருந்தார்கள். கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. உள்ளேயிருந்து பிள்ளைகள் அவசர உதவி எண்ணான 911க்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரும் கெட்டவர் என்றும் நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மான் வேட்டைக்குப் போவார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆளுயர இரும்புப் பெட்டகத்தைத் திறந்து காட்டினார். துப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன, தோட்டா வேறு பெட்டியில். "பேரன் வந்தால் சாவி என் கழுத்தில்" என்றார். ராத்திரி திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, படுக்கை பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு வினாடியில் திறந்தது.

இப்போது நம்மவர்களிடம் வருகிறேன். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

இந்தியர் வீடு என்றால் நகை இருக்கும் என்று குறி வைத்துத் திருடுகிறார்கள் என்ற பயம் இங்கே எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், தெருவில் ஒரு வீடு உடைக்கப்பட்டதும் கைத்துப்பாக்கி வாங்கிவிட்டது. எனக்கு அது தெரியாது. நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போயிருந்தேன். தாம்பூலத்துக்கு ரவிக்கைத் துணி எடுக்கத் தங்கை மாதிரியான அந்தத் தோழி படுக்கையறை குளோசட்டைத் திறந்தாள். பட்டுப்புடவை அடுக்கின் நடுவே, நகைப் பெட்டியை ஒட்டி, மெல்லிய துண்டில் சுற்றி ஒன்று இருந்தது. துண்டு ஓரம் விலகி, கறுப்பாகக் கைப்பிடி தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "பசங்களுக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான், கண்ணாமூச்சி ஆட்டத்தில், அந்த குளோசட்டுக்குள்ளிருந்து என் மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்திருந்தாள்.

அன்று ஒன்றும் பேசாமல் குங்குமம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் தூக்கமில்லை. அப்புறம் போன் செய்து சொன்னேன். என் பிள்ளை சம்பந்தப்பட்டது, அதனால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்காதே என்றேன். "எங்களை அப்படியா நினைச்சீங்க" என்று கேட்டு வைத்துவிட்டாள். நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அவள் கணவர் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வைத்திருக்கும் அந்த விரல் ரேகைப் பெட்டி என்ன மாடல் என்று கேட்டார். இப்போது துப்பாக்கி அதற்குள் இருக்கிறது. நூறு, நூற்றைம்பது டாலரில் கிடைக்கிறது. அதுவும் முடியாவிட்டால் பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே கேபிள் பூட்டை இலவசமாகத் தருகிறார்கள்.

நம் பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு, 2007 டிசம்பரில் டெல்லியை ஒட்டிய குர்கானில் பள்ளி மாணவர்கள் இருவர் சக மாணவனைச் சுட்டுக் கொன்றது அவர்களில் ஒருவனுடைய அப்பாவின் துப்பாக்கியால்தான். உரிமம் வாங்குவதே குதிரைக் கொம்பாக இருக்கும் நாட்டில் நடந்தது அது. அப்புறம், கொலையை மட்டும் நினைக்காதீர்கள். விளையாட்டாக எடுத்து வெடிப்பது, பரீட்சையில் தோற்ற பிள்ளை ஒரு நிமிட வேதனையில் தன்னையே சுட்டுக்கொள்வது, எல்லாம் அதே குளோசட்டிலிருந்துதான் வருகின்றன. 2020இலிருந்து இந்த நாட்டில் ஒரு வயது தாண்டிய சிறுவர்கள், பதின்வயதினர் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தையும் தாண்டிவிட்டது.

ஓட்டுரிமை இருப்பவர்கள் உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், பூட்டிவைக்கும் சட்டத்தைக் கேளுங்கள், வயது வரம்பைக் கேளுங்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள், எங்களைப் போல, ஓட்டுப் போட முடியாது. கேள்வி கேட்க முடியும். விளையாட, பிறந்தநாளுக்கு, ராத்திரி தங்க என்று எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் நான் இப்போது கேட்டுவிடுகிறேன். எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்காக, நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை அப்படியே போடுகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம்ங்க. சனிக்கிழமை மூணு மணிக்குப் பாப்பாவைக் கொண்டுவந்து விடறேன். அவளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, அது மட்டும் வேண்டாம். அப்புறம் எல்லார் வீட்லயும் கேக்கறதுதான், தப்பா நினைக்காதீங்க. வீட்ல துப்பாக்கி இருக்கா? இருந்தா பூட்டியிருக்கா, தோட்டா தனியா இருக்கா? எங்க வீட்ல இல்லீங்க. நீங்களும் உங்க பையனை அனுப்பறப்ப எங்களைக் கேளுங்க."