கை பழகணுமாம், கை!

அண்ணன் வீட்டுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை. கடைவாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்ற வாழ்த்துகளை எல்லாம் வாட்ஸ்அப் விழுங்கிவிட்டது, சரி, நாமே செய்வோம் என்று ஓர் ஆசை. காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங்கில் ஒரு பானை, இரண்டு கரும்பு, மேலே சூரியன், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை என்றது வீடியோ. எனக்கு மூன்று ராத்திரி போயிற்று.

கலர் ஏ4 தாளை நீளவாக்கில் 5 மி.மீ. அகலத்துக்குக் கீறி 42 ஸ்டிரிப் எடுத்தேன். ஊசியில் சுற்றி எடுத்தால் சுருள் கையில் நிற்கவில்லை, ஸ்பிரிங் மாதிரி துள்ளி விரிகிறது. வட்டமாக வந்ததைக் கண் வடிவத்துக்குக் கிள்ளினால் மூக்கு உடைகிறது. அட்டையை நடுவில் மடித்தால் மடிப்பில் சிவப்புச் சாயம் வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டுகிறது. பானையை ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அட்டை பொரித்த அப்பளம் போல வளைந்து கிடந்தது.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "கை பழகணும்." எதிர்வீட்டு அக்காவும் அதையே சொல்கிறார், வீடியோவுக்குக் கீழே பதில் போட்டவர்களும் அதையே சொல்கிறார்கள். நான் பத்து வருஷமாகக் குவில்லிங் ஜிமிக்கி செய்து கொடுப்பவள் அய்யா! இன்னும் எவ்வளவு பழக வேண்டும் இந்தக் கை? ஜிமிக்கிக்கு வெட்டி வைத்த பாக்கெட் ஸ்டிரிப் வாங்குவேன், அது ஒரு நாளும் இப்படிப் படுத்தியதில்லை.

கோளாறு காகிதத்தில். ஆலையில் காகிதம் ஓடிவரும் திசையிலேயே அதன் நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடும். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்துப் பாருங்கள், நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கண்டபடி கோணும். ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில்தான் ஓடுகிறது. நான் ஸ்டிரிப்பையும் நீளவாக்கில் வெட்டினேன். அப்படியென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நார்களையே வளைக்கிறேன், அது திமிறத்தானே செய்யும்? அதே தாள் அளவில் வாங்கிய கெட்டி அட்டையைப் பாதியாக மடித்தபோது நாருக்குக் குறுக்கே மடித்திருக்கிறேன், அதனால் வெடிப்பு. வெள்ளைப் பசையின் ஈரம் பட்டால் நார் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் உப்பும், அதனால் அப்பளம். மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். அதை ஒரு வரி, ஒரே ஒரு வரி, எந்த வீடியோவாவது சொன்னதா? பின்னணி இசை மட்டும் குறைவில்லாமல் போடுகிறார்கள்.

ஸ்டேஷனரி கடை இன்னொரு கூத்து.

"அண்ணா, இது எத்தனை ஜிஎஸ்எம்?"

"கெட்டி பேப்பர்மா."

"கெட்டின்னா? 120ஆ, 160ஆ?"

"நல்ல கெட்டிம்மா. ஸ்கூல் பசங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க."

சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், ஆக 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம். தக்காளிக்குத் தராசு வைக்கிற ஊரில் காகிதத்துக்கு மட்டும் "நல்ல கெட்டி" என்று ஓர் அளவு! வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் பத்துத் தாளை வைத்துப் பார்த்தேன். ஐம்பது கிராம். ஆபீஸில் ஜெராக்ஸ் எடுக்கும் கனம்தான், இதற்குக் கலர் பூசி "கிராஃப்ட்" என்று பெயர்.

நேற்று ராத்திரி ஆத்திரத்தோடு இன்னொரு தாளை எடுத்து, அகலவாக்கில் வெட்டினேன். 59 ஸ்டிரிப். நீளம் 21 செ.மீ.தான், சூரியனுக்கு இரண்டை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஆனால் சுருள் சொன்ன இடத்தில் நின்றது. இதே கைதான் சுற்றியது, அக்கா!

அட்டைக்கும் வழி கிடைத்தது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தேன். வெடிப்பு நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. கரும்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கீறல் இன்னும் இளிக்கிறது. அதை மறைக்க ஒரு மஞ்சள் கொத்து ஒட்டலாம் என்றால் மஞ்சள் ஸ்டிரிப் தீர்ந்துவிட்டது. இனி கடைக்குப் போனால் ஒவ்வொரு தாளையும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வளைத்து, நார் எப்படி ஓடுகிறது என்று பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரர் கத்துவார். கத்தட்டும்.