முக்தி ஓர் அனுபவமா?

பல்லாண்டுத் தியானத்தின் முடிவில் வாய்க்கும் பேரனுபவமே, ஆன்மாவும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதம் கூறும் முக்தி என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒருநாள் தோன்றியது இன்னொரு நாள் மறைந்தே தீரும். ஆகவேதான் அத்வைத ஆசான் சங்கரர், வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையில் நான்காம் சூத்திரத்தை விளக்கும்போதே, வீடுபேறு புதிதாக உண்டாக்கப்படுவதோ, சென்றடையப்படுவதோ, ஒன்றை மாற்றிப் பெறப்படுவதோ, தூய்மை செய்து பெறப்படுவதோ அன்று என ஒவ்வொன்றாக மறுக்கிறார்.

பத்தாமவன் கதை பலரும் அறிந்ததுதான். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒருவன், தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒன்பதே தேறுவதைக் கண்டு, ஒருவன் வெள்ளத்தோடு போனான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். 'பத்தாமவன் இருக்கிறான்' என்று வழிப்போக்கர் சொன்னதும் சற்றே தேறுகிறான். 'நீயே அவன்' என்று சுட்டிக் காட்டியதும் அழுகை அறவே நிற்கிறது. புதிதாக எவனும் அங்கே வந்து சேரவில்லை. முக்தியும் அப்படித்தான்: ஏற்கெனவே இருப்பதை அறிவதே அது. இதில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்றை வித்யாரண்யர் தம் அத்வைத நூலான பஞ்சதசியின் ஏழாம் பிரகரணத்தில் (அத்தியாயத்தில்) காட்டுகிறார்: அழுகை அக்கணமே நின்றாலும், அடித்துக்கொண்டதால் தலையில் உண்டான காயம் ஆற நாளாகும். ஞானிக்கும் உடல்நோய் வருவதேன் என்று கட்டுரையாளர் எழுப்பியிருக்கும் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை. பிராரப்தம் என்பது, அதாவது இப்பிறவியில் பயன்தரத் தொடங்கிவிட்ட முன்வினை, அந்தக் காயமே.

தியானம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கலங்கிய மனத்துக்கு 'நீயே அவன்' என்னும் சொல் எட்டாது. மனத்தைத் தெளியவைப்பதோடு தியானத்தின் வேலை முடிகிறது.