டிஎன்ஏ ரிப்பேரை பாட்டிலில் அடைத்து விற்க முடியாது

"சேதமான டிஎன்ஏவைச் சரிசெய்யும்" என்று ஒரு கேப்ஸ்யூல், ஒரு சீரம், ஒரு மூலிகைப் பொடி. முகநூலைத் திறந்தால் விளம்பரம் வரிசைகட்டி நிற்கிறது. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலை உடம்புக்குள் ஏற்கெனவே எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு செல்லுக்குள் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு டிஎன்ஏ இருக்கிறது, 600 கோடி எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிப்பொருள்களைத்தான் எழுத்து என்கிறேன்). 37 டிகிரி வெதுவெதுப்பில், தண்ணீரில்தான் கிடக்கிறது. அந்தத் தண்ணீரே அதை அரிக்கும். ஒரு செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 இடங்களில் எழுத்து தானாகக் கழன்று விழுகிறது. நூற்றுக்கணக்கான இடங்களில் 'சி' திரிந்து, டிஎன்ஏவில் இருக்கக் கூடாத 'யு' ஆகிறது. இதற்குப் புகையோ வெயிலோ தேவையில்லை, உயிரோடு இருந்தாலே போதும். இவ்வளவு அரிப்புக்கும் ஈடுகொடுக்க ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று தேடி, அந்த 'யு'வை மட்டும் பிடுங்கும் நொதியை 1974-இல் கண்டுபிடித்தவர் தாமஸ் லிண்டால். 2015 வேதியியல் நோபலை பால் மாட்ரிச், அஜீஸ் சான்ஜார் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

வேலை நடக்கும் விதம் இது. ஒரு நொதி கெட்ட எழுத்தை இழையிலிருந்து வெளியே புரட்டி வெட்டும். அடுத்தது அந்த இடத்தில், எழுத்துகளைக் கோத்திருக்கும் முதுகெலும்பை நறுக்கும். மூன்றாவது எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை நிரப்பும். கடைசியாக லிகேஸ் என்ற நொதி ஒட்டிவிடும். டிஎன்ஏவுக்கு இரண்டு இழை; பார்த்து எழுத எதிர் இழை என்ற ஜோடி பக்கத்திலேயே இருப்பதால்தான் இதெல்லாம் சாத்தியம்.

வெயிலின் புற ஊதாக் கதிர் செய்யும் சேதம் வேறு மாதிரி. பக்கத்துப் பக்கத்து 'டி' எழுத்துகள் இரண்டை ஒன்றாக ஒட்டவைத்துவிடும். அதைச் சரிசெய்ய ஏறக்குறைய 30 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டையே வெட்டி எறிய வேண்டும், ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இந்த வெட்டும் வேலைக்கான ஜீன் இரண்டு பிரதியிலும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்கு (ஸீரோடெர்மா பிக்மென்டோசம்) இரண்டு வயதுக்குள்ளேயே முகமெல்லாம் புள்ளி விழும், சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது தாய், தந்தை இருவருமே அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

புகையிலைக்கு வருகிறேன். அதிலுள்ள நைட்ரோசமைன் என்ற நச்சு, 'ஜி' எழுத்தின் மேல் ஒரு மெத்தில் துணுக்கை ஒட்டிவிடுகிறது. அப்புறம் நகல் எடுக்கும்போது அந்த 'ஜி'க்கு எதிரே 'சி'க்குப் பதில் 'டி' வந்து உட்காரும். இந்தத் துணுக்கை எடுக்க எம்ஜிஎம்டி என்று ஒரு புரதம் இருக்கிறது. அது துணுக்கைத் தன் மேலேயே வாங்கிக்கொண்டு செத்துப்போகும். ஒரு இடத்துக்கு ஒரு புரதம், ஒரே முறை. கையிருப்பு தீர்ந்தால் செல் புதிதாகச் செய்யும்வரை சேதம் அப்படியே கிடக்கும். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறவரின் வாய்க்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எந்தக் கேப்ஸ்யூல் போட்டு இதை ஈடுகட்டுவது?

போட்டுப் பார்த்தும் ஆயிற்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் சத்து) மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட் தின்பது வேறு, மாத்திரை வேறு.

இருப்பதிலேயே மோசமான சேதம் இரண்டு இழையும் சேர்ந்து அறுவது. பார்த்து எழுத எதிர் இழை கிடையாது. அவசரத்துக்கு இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்டினால் நடுவில் சில எழுத்துகள் போய்விடும். பிழையில்லாமல் செய்ய வேண்டுமென்றால், செல் பிரிவதற்கு முன் எடுத்து வைத்த இன்னொரு முழுப் பிரதியைப் பார்க்க வேண்டும். அதற்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற ஜீன்கள் தேவை. இதில் ஒன்று பழுதாகப் பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம்.

வேடிக்கை என்னவென்றால், ரிப்பேரைக் கூட்டும் மாத்திரை தேறவில்லை, ரிப்பேரைத் தடுக்கும் மாத்திரை மருந்தாகிவிட்டது. ஓலாபரிப் என்ற புற்றுநோய் மருந்து, ரிப்பேருக்கு உதவும் பார்ப் என்ற நொதியை முடக்குகிறது. பிஆர்சிஏ இழந்த புற்றுச் செல்லுக்கு மாற்று வழி இல்லாததால் அது சாகிறது, நல்ல செல் பெரும்பாலும் தப்பிக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுநோய்க்கான ரேடியேஷனை ஒரேயடியாகக் கொடுக்காமல் பொதுவாக தினம் 2 கிரே (கதிரின் அளவு) வீதம் பிரித்துக் கொடுப்பதும் இதே கணக்குதான். நல்ல செல்கள் இடைவெளியில் தேறிக்கொள்ளும். இடையில் நாள் தவறவிட்டால் கட்டிக்கும் அவகாசம் கிடைத்துவிடும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம், என்னைக் கேட்டால், குடும்ப வரலாறு. அம்மா, பெரியம்மா, சித்தியைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம். அத்தைக்கு வந்ததும் அப்பாயிக்கு வந்ததும் அதே அளவு கணக்கு, ஏனென்றால் பிஆர்சிஏ பழுது இருந்தால் அப்பாவும் அதைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைக்குக் கடத்துவார். 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசகரைக் கேளுங்கள். முதலில் ஜீன் டெஸ்ட் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. நன்றாக இருக்கும் மகளுக்கு மட்டும் செய்து ஒன்றுமில்லை என்று வந்தால், குடும்பத்தில் அந்தப் பழுதே இல்லையா, இவருக்கு மட்டும் வரவில்லையா என்று தெரியாது. ரிப்போர்ட்டில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று வந்தால் அதை மட்டும் வைத்து ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள். பின்னால் அதில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை என்றே தெரியவருகின்றன.

பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் இளம் வயதிலேயே வரும் குடும்பத்துக்கு லின்ச் நோய்க்குறி இருக்கலாம். நகல் எடுக்கும்போது விழும் எழுத்துப்பிழையைத் திருத்தும் ஜீன்கள் அங்கே பழுது. இதற்குக் கட்டியிலேயே எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். பயாப்ஸிக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பாரஃபின் பிளாக் என்று பெயர். நோயாளி இறந்துபோயிருந்தாலும் அதில் டெஸ்ட் செய்ய முடியும். ஆஸ்பத்திரி லேபில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம், சூடு படாத அலமாரி போதும்.