குட்டியோட அம்மாவைப் பார்த்தீங்களா?

ஞாயித்துக்கிழமை மச்சான் தன் புள்ளையோட பிறந்தநாளுக்கு, புதுசா வாங்கின லாப்ரடூடுல் நாய்க்குட்டியோட (லேப்ரடாரும் பூடிலும் கலந்த ஜாதி) போட்டோ போட்டிருந்தார். அதுக்குக் கீழ நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "குட்டியோட அம்மாவைப் பார்த்தீங்களா?" அவ்வளவுதான். அதுக்கு வயித்தெரிச்சல்னு ஒருத்தர், நல்ல நாளும் அதுவுமா இப்படியான்னு இன்னொருத்தர், "உங்க வீட்ல மட்டும்தான் லாப்ரடூடுல் இருக்கணுமா"ன்னு மூணாவது ஆள். வேலூர் சத்துவாச்சாரியில 20 வருஷமா ஒரே தெருவுல குடியிருக்கோம். அந்தப் புள்ளை என்னை மாமான்னு கூப்பிடும். அது சிரிக்கறதைப் பார்த்து எனக்கு வயிறு எரியுமா?

திரும்பவும் அதையேதான் கேக்கறேன். பைபாஸ் ஓரமா, அட்டைப்பெட்டியில கைமாறின குட்டி. அதோட அம்மா எங்க?

எங்க அப்பா செவ்வாய்க்கிழமை ஆனா பொய்கை சந்தைக்குப் போவார். சின்ன வயசுல நானும் கூடப் போவேன். தரகர் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசிட்டிருப்பார். அப்பா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். முதல்ல தாய்ப்பசுவோட மடியைத் தடவிப் பார்ப்பார், காம்பு நாலையும் பீச்சிப் பார்ப்பார், அப்புறம்தான் கன்னுக்குட்டி. "அழகா கீதுன்னு வாங்கிடாதடா, தாய் எப்படிக் கீதுன்னு பாரு"ம்பார். கொட்டகையில கட்டற மாட்டுக்கே அவ்வளவு பார்த்தவங்க நாம. புள்ளைங்க பக்கத்துல படுக்கப் போற உயிருக்கு ஒரு போட்டோ போதுமா?

என்னைப் பேசினவங்களுக்கு இது தெரியாது. நாலு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினேன். 45 நாள்னு சொன்னாங்க. டாக்டர் பல்லைப் பார்த்துட்டு ஒரு மாசம்தான் இருக்கும்னார். தடுப்பூசி அட்டைன்னு ஒண்ணு கொடுத்திருந்தாங்க, அதுல மருந்து ஸ்டிக்கரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. ஆறாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்தமா போச்சு. பார்வோ, குட்டிங்களைக் கொல்ற வைரஸ் நோய். முன்னங்கால் நரம்பு நூல் மாதிரி இருந்தது. ட்ரிப்ஸ் ஏத்த மூணு இடத்துல முடியை மழிச்சாங்க. நாலு நாள் போராடி விடியக்காலத்துல போயிடுச்சு. வீடு பூரா பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். அந்த வாசனை வந்தா என் பொண்ணு இன்னிக்கும் எழுந்து ரூமுக்குள்ள போயிடுவா. வித்தவன் அதுக்கப்புறம் போனே எடுக்கல.

அதனாலதான் இந்த முறை லாப்ரடூடுல் வாங்க ஏழு மாசம் தேடினோம். ரெண்டு தடவை நேர்ல போனோம். தாய் எழுந்து வந்து எங்க கையை மோந்து பார்த்துச்சு. உள்ளே குக்கர் விசில் அடிச்சுது, குட்டிங்க ஒண்ணுகூட மிரளல. மிக்ஸி சத்தம், ஆள் நடமாட்டம் எல்லாம் பழகி, வீட்டுக்குள்ளயே வளர்ந்த குட்டிங்க. மூணாவது வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் அது எதைப் பார்க்குதோ, எதைக் கேக்குதோ, அதுதான் அதோட குணமா மாறுது. தாய் தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே, கண் டெஸ்ட் காட்டினாங்க. லேப்ரடார், பூடில் ரெண்டு ஜாதியிலயும் இடுப்பு, கண் கோளாறு வரும். நாங்க எத்தனை மணி நேரம் வீட்ல இருப்போம்னு எங்களையே விசாரிச்சாங்க. ஒன்பது வாரம் ஆகட்டும்னு காக்க வெச்சாங்க. 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுங்கறது மத்திய அரசோட 2017 நாய் இனப்பெருக்க விதி, நான் கிளப்பிவிட்டதில்ல.

"லாப்ரடூடுல்னா முடி கொட்டாது, அலர்ஜி வராது"ன்னு எனக்கே பாடம் எடுத்தாங்க. அந்தப் பேரைப் பிரபலமாக்கினவர் வாலி கான்ரன், ஆஸ்திரேலியாவுல பார்வையற்றவங்களுக்கு வழிகாட்டி நாய் வளர்த்தவர். இது நடந்தது நம்ம வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரிச்ச அதே 1989-ல. ஹவாயில பார்வையில்லாத ஒரு அம்மா வழிகாட்டி நாய் கேட்டாங்க, ஆனா அவங்க கணவருக்கு நாய் அலர்ஜி. லேப்ரடாரும் பூடிலும் கலந்து பிறந்த மூணு குட்டியோட முடியையும் எச்சிலையும் அனுப்பினதுல ஒண்ணுதான் அவருக்கு ஒத்துக்கிச்சு. மூணுல ஒண்ணு! மத்த ரெண்டையும் கலப்பு நாய்னு யாரும் வாங்கல. லாப்ரடூடுல்னு பேர் வெச்சதும் கேட்டு வந்தாங்க. பின்னாடி அவரே வருத்தப்பட்டார், கண்டவனும் இனப்பெருக்கம் பண்ண ஆரம்பிச்சுட்டான்னு. என் வீட்டுக்காரிக்கு வீசிங் உண்டு. அதான் அவளைக் குட்டிங்களோட ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுப் பார்த்தோம். முடி கொட்டாதுன்னா சிக்கு விழும்னு அர்த்தம். தினமும் சீவணும். சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல அந்தச் சுருட்டை முடிக்குள்ள உண்ணி ஏறினா கண்ணுக்கே தெரியாது.

தெருநாயைத் தத்தெடுக்கலாமேன்னு கேட்டவங்களுக்கு, நியாயம்தான். எங்க வாசல்ல படுக்கற மணிக்குச் சோறும் நான்தான் போடறேன், ஊசியும் நான்தான் போட்டு வெச்சேன். ஆனா அதைக் கேட்டவங்க அந்தப் பிறந்தநாள் போட்டோவுக்கு மட்டும் ஹார்ட் போட்டிருக்கீங்களே, அது எப்படி? பணத்திமிர்னு சொன்னவர்கிட்ட எனக்குப் பேச்சே இல்ல. என் குட்டி செத்தப்ப "இன்னொண்ணு வாங்கிக்கலாம் விடு"ன்னு சொன்னவரும் அவர்தான்.

என் கேள்விக்கு மச்சான் இன்னும் பதில் சொல்லல. நேத்து ராத்திரி தங்கச்சிதான் தனியா மெசேஜ் பண்ணுச்சு, "அண்ணே, குட்டி விடிய விடிய கத்துது, என்ன பண்றது"ன்னு. அது அம்மாவைத் தேடுதும்மா. ஒரு பாட்டில்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி, பழைய புடவையில சுத்திப் பக்கத்துல வைன்னு சொன்னேன். ஊசி எல்லாம் முடியற வரைக்கும் தெருவுல இறக்காத, காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட காட்டு, வண்டி வேணும்னா நான் வரேன்னும் சொன்னேன்.