கைப்பையில் வைத்தால் மட்டும் போதாது
ஆஸ்துமா உள்ளவர்கள் விமானத்தில் போகும்போது இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. எனக்கு அது போதாது என்றே படுகிறது. கூட்டம் அதிகமுள்ள விமானங்களில் போர்டிங் கேட்டிலேயே கைப்பெட்டிகளை வாங்கி அடியில் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனபோது அம்மாவின் பெட்டியை அப்படித்தான் கேட்டார்கள். மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் சால்புட்டமால் இன்ஹேலர், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் எல்லாம் அதற்குள். நல்லவேளை, கொடுக்கும் முன் தங்கைக்கு ஞாபகம் வந்தது. சரி, பெட்டி கூடவே வந்தாலும் அது இருப்பது தலைக்கு மேல். ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் விளக்கு எரிகையில் எழுந்து எடுக்க முடியாது. கேபின் காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அழுத்தமும் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான். வறட்சியில் இருமல் கிளம்பி இழுப்பாக மாறினால் அந்த நிமிடமே மருந்து கைக்கு எட்ட வேண்டும். சட்டைப்பையிலோ, மடியில் வைக்கும் சின்னப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கேஸ் டப்பா என்று செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள் எனப் பயந்து எழுதியிருக்கிறார். அப்படியில்லை, மருந்து இன்ஹேலருக்குக் கேபினுக்குள் அனுமதி உண்டு. டாக்டர் சீட்டும், பெயர் அச்சிட்ட மருந்து அட்டையும் கூடவே இருந்தால் விளக்கிச் சொல்வது சுலபம்.